ஊற்றுக்கு நூறு தப்படி

அன்று படம் காட்டிய கூடாரத்தில் மணல் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள். கோடாலிக்காரர் சொரிமுத்து. மரம் அறுக்கும் வாளை இழுக்கும் தேவசகாயம். அதே வாளின் மறுமுனை ஞானமுத்து. வண்டிக்காரர் மீரான். எங்களுக்குக் கஞ்சி காய்ச்சிய என் அக்கா மாடத்தி. எங்களைக் கூட்டிப் போன காட்டுக் குத்தகைக்காரர். அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்ன கறுப்புக் கோட்டுக்காரர். பிறகு நான். ஊர் ஜனம் இன்னும் நிறைய இருந்தது. அவர்கள் முகம் நினைவில் இல்லை.

இப்போது இதை நினைக்கக் காரணம் ஒரு நெடி. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இரும்பு ஒட்டும் பட்டறை வந்திருக்கிறது. கார்பைடு கல்லில் தண்ணீர் விடுகிறார்கள். அழுகிய பூண்டு மாதிரி நாறுகிறது. தெருவில் எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்கு மட்டும் கால் ஆடத் தொடங்கிவிடுகிறது. அன்று படம் காட்டிய விளக்கும் அந்தக் கல்லில்தான் எரிந்தது.

கால் ஆடுவது எனக்குச் சின்னதிலிருந்தே உண்டு. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றதற்கும் அதுதான் காரணம். வாத்தியார் என்னைப் பெஞ்சில் கட்டிப் போட்டுப் பார்த்தார். பெஞ்சும் சேர்ந்து ஆடியது. இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தேன். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஜெர்மன் சண்டை தொடங்க இன்னும் ஓரிரு வருஷம் இருந்தது. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலைச்சரிவில் மரம் வெட்டினோம். கோங்கும் மருதும் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டையாகப் போகும். வேங்கை கிழக்கே வீடு கட்டப் போகும். எனக்குக் கோடாலி வேலை இல்லை, வாள் வேலை இல்லை. என் வேலை நடை. வெட்ட வேண்டிய மரத்தைத் தேடிப் போய்ச் சுண்ணாம்பு பூச வேண்டும். விழுந்த மரத்துக்கும் வண்டிப்பாதைக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து வந்து சொல்ல வேண்டும். கூட்டத்தில் நான்தான் உயரம். என் பெயரை யாரும் சொன்னதில்லை. நெட்டை என்றால் திரும்பிப் பார்ப்பேன்.

வேங்கையை வெட்டினால் ரத்தம் மாதிரிச் சாறு வடியும். முதல் தடவை பார்க்கிறவன் தன் கையில்தான் வெட்டு விழுந்துவிட்டது என்று பயப்படுவான். நான் பயந்தேன். அக்கா அந்தச் சாற்றைச் சிரட்டையில் பிடித்துக் காய வைப்பாள். அது கறுப்பாகிவிடும். அவள் மகளுக்கு அதில்தான் நெற்றிப்பொட்டு. கழுவினாலும் லேசில் போகாது. மாமன் நான் வாங்கித் தந்த பாசிமணி எல்லாம் அறுந்து போனாலும் பொட்டு மட்டும் இருக்கும்.

அக்கா வாக்கப்பட்ட ஊர் அந்தச் சரிவுக்கு நேர் கீழே. தாமிரபரணி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் போகிறது. ஆனால் ஊர் மேட்டில் இருப்பதால் ஆற்றுத் தண்ணீர் ஏறாது. அந்த ஊருக்கு இருந்தது ஓர் ஊற்று. எங்கள் காட்டுக்குள் ஒரு பாறையடியில் சுரந்து, ஓடையாக இறங்கி, முப்பது வீட்டு வயலுக்குப் பாயும். அதில் அக்காவுக்கு ஒரு துண்டு. அத்தான் நெஞ்சுநோவுக்காரர். வெயிலில் நிற்க முடியாது. அந்தத் துண்டு வயல்தான் அவர்களுக்குச் சோறு.

மரம் வெட்டுகிறவர்களுக்கு ஊற்று விஷயத்தில் ஒரு முறை இருந்தது. சட்டம் இல்லை, எழுத்தும் இல்லை. தண்ணீர்க் கரையிலிருந்து நாலு பக்கமும் நூறு தப்படி அளக்க வேண்டும். அதற்குள் கோடாலி போகாது. காய்ந்த சுள்ளிகூட ஒடிக்க மாட்டார்கள். கூட்டத்தில் யார் உயரமோ அவன்தான் நடக்க வேண்டும். தண்ணீருக்குப் பங்கு பெரிதாகக் கிடைக்கட்டும் என்று. எண்ணுகிறவர் தண்ணீரைப் பார்த்து நிற்க வேண்டும். நடக்கிறவனைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் கண் மரத்தின் மேல் போகும், ஆசை வரும் என்பார்கள். அதனால் நடக்கிறவன் அடிக்கு ஒரு தடவை சுண்ணாம்பு டப்பாவைத் தட்டுவான். அந்தச் சத்தத்தை அவர் எண்ணுவார். நூறாவது தட்டில் நிற்கும் இடத்து மரத்தில் சுண்ணாம்புக் கோடு. ஐப்பசி கார்த்திகை மழையில் கோடு கரைந்துபோகும். தை பிறந்ததும் மறுபடி அளப்போம்.

எங்கள் கூட்டத்தில் நடப்பவன் நான். எண்ணுகிறவர் சொரிமுத்து.

சொரிமுத்து குட்டையான ஆள். என் நெஞ்சுக்கு வருவார். கோடாலியைத் தூக்கினால் மட்டும் அவர் குட்டை என்பது மறந்துபோகும். மரம் எந்தப் பக்கம் விழும் என்று ஒரு ஈர்க்கைக் குத்தி வைப்பார். மரம் அந்த ஈர்க்கின் மேலேயே விழும். அக்காவுக்கும் எனக்கும் அவர் மாமா முறை.

அந்த வருஷம் மார்கழி நடுவில் அண்ணாச்சி காட்டைச் சுற்றிப் பார்த்தார். சரிவில் நல்ல மரம் தீர்ந்துவிட்டது. மருதும் கோங்குமாக மிச்சம் நின்றதெல்லாம் ஊற்றைச் சுற்றித்தான். ஒவ்வொரு மருதும் மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது.

"சொரிமுத்து, இதையும் சாச்சுட்டா வேலை முடிஞ்சுது வே" என்றார்.

"அது ஊத்துப் பங்கு அண்ணாச்சி. கோடாலி போவாது."

"யாரு போவச் சொன்னா? நூறு தப்படி விட்டுட்டு மத்ததை வெட்டுங்கேன்."

"அப்ப வெட்ட ஒண்ணும் இல்லையே."

அண்ணாச்சி சிரித்தார். கோபப்படவே இல்லை. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. மறுவாரம் ஒரு நாள் மத்தியானமே வேலையை நிறுத்தச் சொன்னார். அம்பாசமுத்திரத்தில் படம் காட்டுகிறார்கள், மரம் வெட்டுகிற படமாம், எல்லோரும் வண்டியில் ஏறுங்கள் என்றார். அக்கா மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் மீரான் கேட்டுக்கொண்டே வந்தார்.

"படத்துல ஆளு நடக்குமாம்லா. வண்டி மாடு நடக்குமா வே?"

"நடக்கும். உம்ம மாட்டைவிட வெரசா நடக்கும்" என்றார் தேவசகாயம்.

பொழுது அடைந்ததும் படம் தொடங்கியது. பூண்டு நாற்றம், ஈர மணல், பீடிப் புகை. பின்னால் ஒருவர் படம் காட்டும் யந்திரத்தைக் கையால் சுற்றினார். எனக்கு உட்கார முடியவில்லை. இரண்டு தடவை எழுந்தேன். பின்னால் இருந்தவர்கள், "நெட்டப்பனை, உக்காரும் வே" என்று சத்தம் போட்டார்கள்.

படத்தின் பெயர் தெரியாது. படச்சுருள் வைத்த பெட்டி மேல் எழுதியிருந்தது. அது எங்களில் யாருக்கும் தெரியாத எழுத்து. பிற்காலத்தில் படித்தவர்கள் பலரிடம் விவரம் சொல்லிக் கேட்டேன். அப்படி ஒரு படத்தை ஒருவரும் கேள்விப்படவில்லை. சத்தமில்லாத படம். கறுப்புக் கோட்டுக்காரர் கதை சொன்னார்.

முதலில் வெள்ளம் வந்தது. ஆற்றில் மரத்தடிகள் மலை மாதிரி அடைத்துக்கொண்டு கிடந்தன. பாலம் உடைந்தது. வீடுகள் மிதந்தன. ஒரு பெண் தடியைப் பிடித்துக்கொண்டு போனாள். பின்னால் இருந்த மலையில் மண் சரிந்து இறங்கியது. கூடாரத்தில் பெண்கள் சிலர் அழுதார்கள். கோட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, "ஐயோ கடவுளே, ஏழைகளுக்கு இந்தக் கதியா!" என்றார். பிறகு வெளிச்சம் போட்டுப் பெட்டியை மாற்றினார்கள். சுக்குத் தண்ணீர் விற்றார்கள்.

அடுத்த பெட்டியில் காடு. வானம் தெரியாமல் மரம். வாயில் சுருட்டு வைத்த தடித்த துரை ஒருவன் கையை நீட்டி நீட்டிக் காட்டினான். ஆட்கள் வெட்டினார்கள். மரங்கள் விழுந்துகொண்டே இருந்தன.

"வெள்ளத்திலே வீடிழந்த ஜனங்களுக்காக" என்று கோட்டுக்காரர் குரலை உயர்த்தினார், "இந்தத் தரும துரை தன் காட்டையே வெட்டிக் கொடுத்தான்! ஊர் மறுபடி எழுந்தது!"

ஜனம் கை தட்டியது. அண்ணாச்சி எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்தியளா? வெட்டினாத்தான் ஊரு."

எங்கள் ஆட்கள் கதையைக் கேட்கவே இல்லை. வேலையைத்தான் பார்த்தார்கள்.

"ஏ ஞானமுத்து, நெஞ்சு ஒசரத்துலல்லா வாளைப் போடுதானுவ. அடிமரம் பூரா வீணு."

"குனிஞ்சா துரைக்கு வலிக்கும் போல."

"வாளுக்கு எண்ணெய் விடுதான் பாரு. நமக்குத் தலைக்கே எண்ணெய் இல்லை."

அப்போது அக்கா சத்தமாகக் கேட்டாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது. அடுப்படியிலிருந்து காட்டுக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

"ஏய்யா, கதை சொல்லுத அண்ணே. வெள்ளம் வந்தப்ப இந்த மலை மொட்டையால்லா கெடந்துச்சு. இப்ப எப்படி மரம் நிக்கி?"

"அது வேற மலைம்மா."

"வேற மலையா? ஆமை மாதிரி ஒரு பாறை, அது முதுகுல ஒரல் மாதிரி ஒரு பாறை. ரெண்டும் அங்கனயேதான கெடக்கு?"

எல்லோரும் பார்த்தார்கள். பாறைகள் இருந்தன. ஆமையும் உரலும்.

கோட்டுக்காரர் திரையைத் திரும்பிப் பார்த்தார். "மரம்... திரும்ப வளந்துட்டும்மா."

"எத்தனை நாள்ல வே?" என்றார் சொரிமுத்து. "நாங்க சுக்குத்தண்ணி குடிச்ச நேரத்துலயா?"

கூடாரம் சிரிப்பில் ஆடியது. யந்திரம் சுற்றுகிறவர் சுற்றுவதை விட்டுவிட்டுப் படச்சுருள் பெட்டியைத் தூக்கி எழுத்தைப் பார்த்தார். அவருக்கும் அது படிக்கத் தெரியாது. பிறகுதான் விளங்கியது. இரண்டாவது பெட்டியை முதலில் ஓட்டியிருக்கிறார்கள். வெட்டினான், மலை சரிந்தது, வெள்ளம் வந்தது, ஊர் போனது. அதுதான் கதை. துரை தருமவானும் இல்லை. கோட்டுக்காரர் பெட்டிக்குத் தக்கபடி கதையை அங்கேயே கட்டிக்கொண்டார். கெட்டிக்காரர்தான்.

அண்ணாச்சியும் சிரித்தார். வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார். எம்பித்தான் போட வேண்டியிருந்தது. வண்டியை விட்டுத் தள்ளி ஆற்றோரமாகக் கூட்டிப் போனார்.

"ஒங்கக்கா கெட்டிக்காரி."

"ஆமா அண்ணாச்சி."

"அடுத்த காட்டுக்கு ஒரு கங்காணி வேணும். நிழல்ல நின்னு வேலை வாங்கணும். செருப்புப் போட்ட காலு வேணும். எத்தனை நாளைக்கு முள்ளுல நடப்ப?"

நான் மணலில் காலைத் தேய்த்தேன்.

"முறையை மீறச் சொல்லல. நூறு தப்படின்னா நூறு தப்படி. அதுல ஒண்ணு கொறையாண்டாம்." என் காலைக் காட்டினார். "ஒன் தப்படி எவ்வளவுன்னு எவன் அளந்தான்?"

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. காலில் செருப்புப் போட்டதில்லை. கல்யாண வீட்டில் ஒரு தடவை யாரோ கழற்றி வைத்ததைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். வேறு காரணம் சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன். வேறு காரணம் இல்லை.

தை பிறந்து மூன்றாம் நாள் காலையில் அளந்தோம். சொரிமுத்து ஊற்றுக் கரையில் போய்த் தண்ணீரைப் பார்த்து நின்றார். தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் மேற்கே நடந்தேன். டப்பாவைத் தட்டினேன். ஒன்று. தட்டினேன். இரண்டு. காலை நீட்டாமல் நடப்பது லேசான காரியமில்லை. பழகிய கால் தன்னால் நீளும். அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். கெண்டைக்கால் வலித்தது. சொரிமுத்து உரக்க எண்ணினார். எண்ணிக்கையில் ஒரு பொய்யும் இல்லை. மேற்கே முடித்துத் தெற்கே போனேன். பிறகு வடக்கே.

கிழக்கே எழுபதோ எழுபத்திரண்டோ தட்டியபோது அக்கா கஞ்சிப் பானையோடு ஏறி வந்தாள். நின்று என் காலைப் பார்த்தாள்.

"காலுல முள்ளா?"

"இல்ல."

"பின்ன ஏன்லே இப்படி நடக்க?"

நான் டப்பாவைத் தட்டினேன். ஊற்றுக் கரையில் சொரிமுத்து எண்ணியது கேட்டது. அக்கா அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தாள். நேற்று வரை உள்ளே நின்ற மருதுகளைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். அந்தத் தொண்டைக்கு அது பெரிய காரியமில்லை.

"செருப்பு வாங்கித் தாராவளா?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவை.

பானையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஏன் அவள் சத்தம் கொடுக்கவில்லை என்று இன்று வரை யோசிக்கிறேன். கொடுத்திருந்தால் எனக்கு எந்தக் காட்டிலும் வேலை இருந்திருக்காது. அத்தான் நோவாளி. கூடப் பிறந்தவன் நான் ஒருவன். இதெல்லாம் கணக்குப் போட்டாளா, தெரியாது. நான் கேட்கவில்லை.

வெட்டத் தொடங்கிய அன்று சொரிமுத்து முதல் மருதுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இது போன வருசம் உள்ளல்லா நின்னுச்சு?"

"பழைய கோடு அழிஞ்சு போச்சே மாமா. நீங்கதான எண்ணினிய?"

"ஆமா. நான்தான் எண்ணினேன்." ஈர்க்கைக் குத்தினார். கோடாலியை எடுத்தார்.

பங்குனிக்குள் வேலை முடிந்தது. அண்ணாச்சி சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த காட்டில் நான் கங்காணி. மாட்டுத்தோல் செருப்பு, கையில் பிரம்பு. முதல் மாதம் செருப்பு கடித்துப் புண்ணாகிவிட்டது. நிழலில் நிற்கச் சொன்னார்கள். நிற்கத்தான் முடியவில்லை. அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டே இருந்தேன். ஆட்கள் எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

ஊற்று உடனே வற்றவில்லை. முதல் வருஷம் நன்றாகவே ஓடியது. எனக்கு அது பெரிய நிம்மதி. சொரிமுத்துவைப் பார்த்தால் நின்று பேசினேன். இரண்டாம் வருஷம் சித்திரையில் நூல் மாதிரி வந்தது. அந்த ஐப்பசியில் பெருமழை. வெட்டின இடத்து மண் சரிந்து ஓடையை மூடியது. கீழே வயலில் முழங்கால் அளவு சரளைக்கல். எங்கள் மலையில் பெட்டிகள் சரியான வரிசையில் ஓடின. மூன்றாம் வருஷம் மாசியிலேயே ஊற்று நின்றது. பாறையடியில் ஈரம் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

சொரிமுத்து ஆள் அனுப்பினார். போனேன். ஊற்றுக் குழியின் கரையில் நின்றுகொண்டிருந்தார். கையில் பழைய சுண்ணாம்பு டப்பா.

"அளந்து காட்டுலே நெட்டை" என்றார். அவ்வளவுதான். திரும்பிக் குழியைப் பார்த்து நின்றுகொண்டார்.

செருப்பைக் கழற்றினேன். மேற்கே நடந்தேன். இந்தத் தடவை கால் நீண்டது. நான் இழுத்துப் பிடிக்கவில்லை. தட்டினேன். அவர் எண்ணினார். ஐம்பத்தைந்து தாண்டியதும் வெட்டின அடிமரங்களுக்குள் நுழைந்தேன். ஒவ்வொன்றாகப் பின்னால் போயிற்று. எழுபது. எண்பது. அவர் குரல் தேயத் தேயக் கேட்டது. நூறு என்றபோது அந்த வருஷம் வெட்டின கடைசி அடிமரத்தையும் தாண்டி, பழைய வெட்டில் புதர் வளர்ந்த வெட்டவெளியில் நின்றேன்.

அவர் திரும்பினார். என்னைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பார்வையை அவ்வளவு தூரத்துக்கு ஓட்ட வேண்டியிருந்தது. அடிமரங்களைப் பார்த்தார். அவர் கையால் விழுந்தவை. வையவில்லை, அடிக்கவில்லை. சரிவில் பைய இறங்கிப் போனார். அதன் பிறகு அவர் கோடாலி எடுக்கவில்லை. பத்தமடைப் பக்கம் மகள் வீட்டில் இருந்தார். எதிரே பார்த்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். ஒரு தடவை மறுபக்கமே இல்லாத சந்தில் பார்த்துக்கொண்டோம். சுவரைப் பார்த்து நின்றார், நான் போகும் வரை.

முப்பது வீட்டில் பாதி வீடு பூட்டிக்கிடந்தது. அக்காவும் அத்தானும் கண்டிக்குத் தேயிலைக்குப் போனார்கள். தூத்துக்குடி வரை கூடப் போனேன். தோணிக்குக் காத்திருந்தோம். மகளுக்கு ஆறு ஏழு வயது இருக்கும். நெற்றியில் வேங்கைப் பொட்டு. சிரட்டை முடிந்துபோயிற்று, இனி சாந்துதான் என்றாள் அக்கா. அத்தான் இருமிக்கொண்டே இருந்தார். தோணியில் கால் வைக்கும்போது அக்கா குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"செருப்பு நல்லா இருக்குலே."

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அதற்குள் தோணி தள்ளிவிட்டார்கள்.

அந்தச் செருப்பைக் கடலில் எறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. தேயும் வரை போட்டேன். பிறகு வேறு வாங்கினேன்.

அக்கா இரண்டு கடிதம் போட்டாள். வேறு யாரோ எழுதிக் கொடுத்தது. எல்லோரும் சுகம் என்று இருந்தது. அப்புறம் வரவில்லை. அண்ணாச்சி போய்விட்டார். தேவசகாயமும் ஞானமுத்தும் ஒரே மாதத்தில் போனார்கள். வாளின் இரண்டு முனையும் அல்லவா. மீரான் போனார். கூடாரம் போட்ட இடத்தில் இப்போது நெல் அரைக்கும் ஆலை. ஊற்றுக்கு ஒரு பெயர் இருந்தது. கீழே இப்போது இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை.

போன வாரம் பட்டறைக்காரன் பகல் முழுக்கக் கார்பைடு போட்டான். வீட்டில் இருக்க முடியவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். மலையில் ஏற அரைநாள் ஆயிற்று. முன்பு அரைமணி. பாறை இருக்கிறது. குழி முழுக்க உண்ணிச்செடி. கோங்கின் அடிமரங்கள் கறையான் தொடாமல் கல் மாதிரிக் கிடக்கின்றன.

குழிக் கரையில் நின்றேன். எண்ண ஆள் இல்லை. நானே எண்ணிக்கொண்டு மேற்கே நடந்தேன். அடிக்கு ஒரு தடவை கம்பைத் தட்டினேன். எழுபத்தோரு வயதில் கால் நீளாது. நீட்டிப் பார்த்தேன், வரவில்லை. என்னால் ஆன மட்டும் முழுத் தப்படிதான் வைத்தேன்.

அன்று ஐம்பத்தைந்தில் தாண்டிய முதல் அடிமரம் இப்போது காலில் இடித்தது.

நூறு.